கண் போகாத இடம்: ரமணரின் மூன்று உவமைகள்

‘அண்ணுதல்’ என்றால் நெருங்குதல். நெருங்க இயலாதது ஆதலால் அண்ணாமலை என்று பெயர்க்காரணம் சொல்வது மரபு. அயன் அன்னமாகிப் பறந்தும், மால் பன்றியாகி அகழ்ந்தும் சிவனின் முடியையோ அடியையோ காணாத கதையும் இக்கருத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து ஆண்டுதோறும் ஆட்கள் ஏறி இறங்கும் மலையும் இதுவே. உயரம் சுமார் 2,668 அடி. அப்படியானால் நெருங்க முடியாதது எது?

இக்கேள்விக்கு இம்மலையடி ஊரில் கிடைத்த கூர்மையான விடைகளுள் ஒன்று, 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் இங்கு வந்திறங்கிய வேங்கடராமனுடையது. பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட அவர் ஞானத்தைப் புலனறிவின் நீட்சியாகப் பேசவில்லை. தொலைவில் நடப்பதைக் காண்பதும் பிறர் மனத்தை அறிவதும் சித்திகள். அவை எவ்வளவு விரிந்தாலும் காண்பவன், காட்சி என்ற பிளவு அப்படியே இருக்கும். அயனும் மாலும் இன்னும் பல யுகங்கள் பயணம் செய்திருந்தாலும் கதை மாறியிராது.

1928இல் உருவான ‘உள்ளது நாற்ப’தின் நான்காம் வெண்பா இதைத் தருக்கமாகவே வைக்கிறது. காண்பவன் தன்னை ஓர் உருவமாகக் கொண்டால் உலகும் கடவுளும் அவனுக்கு உருவங்களே. கண்ணின் இயல்பை மீறிக் காட்சி அமையாது. ஆகவே எல்லை உலகில் இல்லை. ‘நான் இவ்வுடல்’ என்னும் துணிபில் இருக்கிறது. அந்த நானை விசாரிப்பதே வழி.

இங்கே ஒரு சிக்கல். சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு 1901–02 அளவில் அவர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ நூலில் கயிறும் பாம்பும் வருகின்றன. பாம்பென்ற அறிவு போகாமல் கயிற்றின் அறிவு வராது; உலகக் காட்சி நீங்காமல் சொரூப தரிசனமும் வராது. சரி, கயிறென்று தெரிந்தபின் பாம்பு மறைகிறது. ஆய்ந்து அறிந்தபின்னும் உலகம் ஏன் மறையவில்லை? இத்தடைக்கு ரமணர் கானல்நீரை எடுத்தார்: பொய்யென்று தெரிந்தபின்னும் அது தோன்றும். கானல்நீர் தாகம் தீர்க்காதே, உலகம் பயன்படுகிறதே என்றால், கனவு: கனவுத் தாகத்தைக் கனவுத் தண்ணீர் தீர்க்கிறது.

இவ்வரிசையை வெறும் வாதத் திறமையாகப் படித்தவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. கனவு உவமை பயன்பாட்டுத் தடையைத் தீர்க்கிறது. ஆனால் விழித்தவனுக்குக் கனவு தொடர்வதில்லையே! அங்கே கானல்நீர்தான் கைகொடுக்க வேண்டும். கானல்நீரோ, ‘முதலில் எதை விட்டால் எது விளங்கும்?’ என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது கயிறு. ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது. தனித்து எதுவும் நில்லாது. திரையில் ஓடும் படத்தின் தீ திரையைச் சுடாது என்று அவர் சினிமாவை உவமையாக்கியபோது தோற்றம் தொடர்வதும் ஆதாரம் கெடாமல் இருப்பதும் ஒரே படிமத்தில் அமைந்தன. மரபான அத்வைத நூல்களுக்குக் கிடைக்காத உவமை இது.

சைவ சித்தாந்தமும் புலனறிவின் எல்லையைப் பேசுகிறது, பேச்சு வேறு. மெய்கண்டார் மரபில் உயிர் தானாக அறியாது. ஆணவ மலம் மறைத்திருக்கிறது. சிவம் காட்டவும் வேண்டும், உடனின்று காணவும் வேண்டும். இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்பர். அங்கே காண்கிற உயிர் கடைசிவரை உண்டு. அருளால் அதன் குறை நீங்குகிறது. ரமணரோ காண்பவன் என்று தனியே ஒருவன் உண்டா என்று கேட்கச் சொல்கிறார். இரண்டும் ஒன்றே என்று மேடைகளில் குழைத்துவிடுவது இரு தரப்புக்கும் செய்யும் அநீதி.

‘ஞானி உலகைக் காண்பதில்லை’ என்ற சொற்றொடரை எழுத்தெண்ணிப் பொருள்கொள்வோர், ரமணர் வாழ்ந்த முறையையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரமணாச்சிரமச் சமையலறையில் விடியுமுன் காய் நறுக்கியவர் அவர். அச்சுப் படிகளைத் திருத்தினார், செய்தித்தாளும் படித்தார்.