சீமாட்டியின் இதயம்

மனிதர்களில் மட்டுமல்ல, மோட்டார் கார்களிலும் பயில்வான்கள் உண்டு. அமெரிக்கர்கள் அவற்றை ‘மஸில் கார்’ என்றார்கள். ‘புஜபல மோட்டார்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பயில்வான் பிறந்த கதை வேடிக்கையானது. நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தது. அதன் பான்டியாக் பிரிவில் தலைமை எஞ்சினீயராயிருந்த ஜான் டிலோரியனும் அவர் சகாக்களும் ஒரு யுக்தி செய்தார்கள். புது மாடல் என்றால்தானே மேலிடத்தின் அனுமதி வேண்டும்? டெம்பெஸ்ட் என்ற சாதுவான காருக்கு, வேண்டுவோர் கேட்டு வாங்கும் உபரி வசதி என்று பேர் பண்ணி, 389 கன அங்குல எஞ்சினை அதன் வயிற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். 325 குதிரைச் சக்தி! ஜி.டி.ஓ. என்ற பெயரோடு 1964-ஆம் வருஷ மாடலாக வந்த அது, 32,000-த்துக்கும் மேல் விற்றது. பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், ஏறிப்போன இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973-இல் வந்த எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பயில்வானை மூலையில் உட்கார வைத்தன.

நம் நாட்டிலும் இந்த ஜாதிச் சாயலுள்ள ஒரு வண்டி ஓடியது. அதுதான் கான்டெஸா. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சீமாட்டி என்று பொருள். நாகர்கோவில் கல்யாண மண்டபங்களின் வாசலில் அவள் நின்ற கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். நீண்ட மூக்கு, அகன்ற தோள், தாழ்ந்த இருப்பு! மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அவளுடைய பூர்வீகம் இங்கிலாந்து. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான வாக்ஸ்ஹால் கம்பெனி 1972-இல் வெளியிட்ட விக்டர் காரின் அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கியது. 1984-இல் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து கான்டெஸா புறப்பட்டாள். உடம்பு சீமையிலிருந்து வந்துவிட்டது, இதயம்? அது நம் அம்பாஸடரிலிருந்து எடுத்தது. 1,489 கன சென்டிமீட்டர். சுமார் 50 குதிரைச் சக்தி. ஒரு டன்னுக்கு மேற்பட்ட சரீரத்தை அந்தச் சிறு இதயம் இழுக்க வேண்டியிருந்தது.

விசித்திரம் எங்கே இருக்கிறது, பார்த்தீர்களா? அமெரிக்கர்கள் சாதாரண உடம்புக்குள் அசுர பலத்தை ஒளித்தார்கள். நாம் சாதாரண பலத்தின் மேல் ஜரிகைப் புடவையைச் சுற்றினோம்.

கம்பெனியை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. எதற்கும் லைசென்ஸ், எதற்கும் அனுமதி என்றிருந்த காலம் அது. கையில் இருந்ததைக் கொண்டுதான் சமைக்க முடிந்தது. சில வருஷங்களில் ஜப்பானின் இசுஸு கம்பெனியுடைய 1.8 லிட்டர் எஞ்சின் கிடைத்தது. 88 குதிரைச் சக்தியும் ஐந்து கியர்களுமாகச் சீமாட்டி நிஜமாகவே நிமிர்ந்தாள். ஆனால் 1993-இல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் முறை நீங்கியதும், பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும் புதிய வண்டிகள் வரிசையாக வந்துவிட்டன. 2002-இல் அவள் கதை முடிந்தது. இன்று பழைய கார்ப் பிரியர்கள் அவளைத் தேடிப் பிடித்துச் சீராட்டுகிறார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத் தெரியும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்த எதிர்க்காற்று, வண்டியின் வர்ணத்தைக் கண்டு வழி விடாது. எஞ்சினில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கும்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் வயலை ஈடு வைத்து, பெண்ணுக்கு ஊர் மெச்சக் கல்யாணம் செய்து, வட்டி கட்டியே முதுகு வளைந்த தகப்பன்மார்களை நான் அறிவேன். கான்டெஸாவின் சரித்திரத்தை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் வருகிறது. பந்தலைப் பிரித்த மறுநாள் முதல் அவர்களுக்கும் எதிர்க்காற்றுத்தான். சம்பந்தம் பேசப் போகிற பெரியவர்களே, வாசலில் நிற்கும் வண்டியை நன்றாகப் பாருங்கள். ஆனால் பானெட்டையும் கொஞ்சம் திறந்து பாருங்கள்.