மெடிக்கலில் கேட்டால் ‘இல்லை’ என்கிறார்கள்: அவசர கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு தேவையா?

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. தெருமுனை மெடிக்கலில் நாலு பேர் நிற்கிறார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, மெதுவான குரலில் கேட்கிறார் ஒரு பெண்: “அண்ணா, ஐ-பில் இருக்கா?” கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே சொல்கிறார்: “அதெல்லாம் வெக்கிறதில்லமா. டாக்டர் சீட்டு இருந்தா பெரிய கடையில கேட்டுப் பாருங்க.”

அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிவிட்டால், திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டால், என்ன ஆகும்? இந்த மாத்திரையைப் பொறுத்தவரை ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதோடு, கடைக்காரர் கேட்ட ‘டாக்டர் சீட்டு’ சட்டப்படி தேவையே இல்லை.

அவசர கருத்தடை மாத்திரையை எப்படி வாங்குவது, கடையில் என்ன கேட்பார்கள், இல்லை என்றால் அடுத்து எங்கே போவது என்பதைப் பார்க்கலாம்.

இது எந்த மாத்திரை?

இந்தியாவில் கடைகளில் கிடைக்கும் அவசர கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். அளவு 1.5 மில்லி கிராம், ஒரே ஒரு மாத்திரை. ஐ-பில், அன்வான்டட்-72 என்று வெவ்வேறு பெயர்களில் விற்கிறார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்துதான். அதனால் கேட்ட பிராண்ட் இல்லை என்றால், “லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 வேற கம்பெனி இருந்தா குடுங்க” என்று கேட்கலாம். விலை பொதுவாக 100 ரூபாய் அளவில் இருக்கும்.

ஆணுறை கிழிந்தாலோ நழுவினாலோ, தினமும் போடும் கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து சில நாட்கள் மறந்துவிட்டாலோ, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உறவு நடந்திருந்தாலோ, பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ இது பயன்படும்.

டாக்டர் சீட்டு தேவையா?

தேவையில்லை. 2005-ல் மத்திய அரசு இந்த மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்தது. 2007-ல் ஐ-பில் சந்தைக்கு வந்த பிறகுதான், விளம்பரங்கள் மூலம் பலருக்கும் இப்படி ஒரு மாத்திரை இருப்பதே தெரிந்தது.

கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், கணவர் கூட வர வேண்டும் என்றெல்லாம் எந்த விதியும் கிடையாது. கணவரோ, காதலரோ, தோழியோ உங்களுக்காகப் போய் வாங்கி வரவும் தடையில்லை.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. ஒரு கடை எந்த மருந்தை வாங்கி வைப்பது என்பது அந்தக் கடையின் விருப்பம். ஆனால், கடையில் இருக்கும் மருந்தை, வாங்க வந்தவருக்குத் தர மறுக்கக் கூடாது என்று 2013-ம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ‘உனக்கெல்லாம் எதுக்கு இது?’ என்பது தகுந்த காரணம் ஆகாது.

அப்படியானால் ஏன் ‘இல்லை’ என்கிறார்கள்?

பெரிய காரணம், குழப்பம். இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று பல கடைக்காரர்களே நினைக்கிறார்கள். இரண்டும் முற்றிலும் வேறு.

கருக்கலைப்புக்குக் கொடுப்பது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகள். அவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கருக்கலைப்பு 1971-ம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரைக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ‘ரெய்டு வந்தா பிரச்னை’ என்று பயப்படும் கடைக்காரர் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பயப்படுகிறார்.

இன்னொரு காரணம், கூச்சமும் ஒழுக்கம் பற்றிய பார்வையும். தமிழ்நாட்டில் இந்த மாத்திரைக்கு அதிகாரப்பூர்வத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் சென்னை உட்பட பல ஊர்களில், கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைப்பதில்லை என்று பல ஆண்டுகளாகவே செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. பக்கத்து மாநிலத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைக்கு இங்கே அலைய வேண்டியிருக்கிறது.

இது கருவைக் கலைத்துவிடுமா?

கலைக்காது. பெண்ணின் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வருவதை இந்த மாத்திரை தள்ளிப் போடுகிறது அல்லது தடுக்கிறது. ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடு இருக்கலாம். அந்த நாட்களில் முட்டை வெளியே வராவிட்டால் கரு உருவாக வழியில்லை. இது செய்யும் வேலை அவ்வளவுதான்.

ஏற்கனவே கரு தரித்திருந்தால் இந்த மாத்திரையால் அதை எதுவும் செய்ய முடியாது. தெரியாமல் போட்டுவிட்டாலும் குழந்தைக்குக் கேடு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும்?

அட்டையில் 72 மணி நேரம், அதாவது 3 நாட்கள் என்று போட்டிருக்கும். ‘மூணு நாள் டைம் இருக்கே’ என்று இதைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். முட்டை வெளியேறும் நேரம் நெருங்கிவிட்டால் இந்த மாத்திரையால் அதைத் தடுக்க முடியாது. அந்த நேரம் எப்போது என்று நம்மால் துல்லியமாகச் சொல்லவும் முடியாது. எனவே எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்ததற்கு சனிக்கிழமை காலையே போடுவதும், திங்கட்கிழமை போடுவதும் ஒன்றல்ல.

72 மணி நேரம் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 5 நாட்கள் வரை அவசர கருத்தடை மாத்திரைகளைப் பயன்படுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நாள் ஆக ஆக லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையும்.

சரியாகப் பயன்படுத்தினாலும் 100 சதவீதம் உத்தரவாதம் கிடையாது. இந்த மாத்திரையைப் போட்ட பெண்களில் 1.2 முதல் 2.1 சதவீதம் பேர் கர்ப்பமானதாக ஆய்வுகள் காட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது.

மருந்தாளுநர் என்ன கேட்கலாம்?

எல்லாக் கேள்வியும் அவமானப்படுத்துவதற்காகக் கேட்பவை அல்ல. சில கேள்விகள் உங்கள் நல்லதுக்காகவே:

- உறவு நடந்து எத்தனை மணி நேரம் ஆகிறது?
- கடைசியாக பீரியட்ஸ் எப்போது வந்தது? தள்ளிப் போயிருக்கிறதா?
- வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?
- இதே மாதத்தில் ஏற்கனவே இந்த மாத்திரை போட்டீர்களா?

இவற்றுக்கு உண்மையான பதில் சொல்வது நல்லது. ‘கல்யாணம் ஆயிடுச்சா?’, ‘யாரு கூட?’, ‘வீட்ல தெரியுமா?’ போன்றவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

பேசக் கூச்சமாக இருந்தால், மாத்திரையின் பெயரைத் தாளிலோ போனிலோ எழுதிக் காட்டலாம். ‘மருந்தாளுநர் இருக்காரா, அவர்கிட்ட பேசணும்’ என்று கேட்பதும் உதவும். கவுன்ட்டரில் நிற்கும் பையனைவிட அவருக்கு இதுபற்றித் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டால் போன்ற மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மாத்திரையின் பலன் குறையலாம். உடல் நிறை குறியீட்டெண் 30-க்கு மேல் இருப்பவர்களுக்கும் அப்படியே. இவர்கள் மாத்திரையே போடக் கூடாது என்பதல்ல. டாக்டரிடம் உடனே பேசினால் அளவை மாற்றித் தருவார், அல்லது காப்பர்-டி போடச் சொல்வார்.

தாய்ப்பால் கொடுப்பவர்களும் இந்த மாத்திரையைப் போடலாம்.

கடையில் கிடைக்கவே இல்லை என்றால்?

1. அடுத்த கடை: 24 மணி நேர மருந்தகங்கள், பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு உள்ளே இருக்கும் மருந்தகங்களில் கேளுங்கள். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். ஆன்லைனில் வாங்கும்போது எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும் என்று பாருங்கள். இரண்டு நாள் ஆகும் என்றால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

2. அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம்: தேசிய குடும்ப நலத் திட்டத்தில் இந்த மாத்திரையும் உண்டு. அரசு மையங்களில் இலவசம். ஆஷா பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டத்தில் ஒரு மாத்திரைக்கு 2 ரூபாய்.

3. காப்பர்-டி: உறவு நடந்து 5 நாட்களுக்குள் டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டால், அவசர கருத்தடையில் இதுதான் மிக அதிகப் பலன் தருவது. 99 சதவீதத்துக்கும் மேல் கர்ப்பத்தைத் தடுக்கும். வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டுகள் வரை தொடர்ந்து பாதுகாப்பும் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

மாத்திரை போட்ட பிறகு என்ன நடக்கும்?

குமட்டல், தலைவலி, அசதி, மார்பில் லேசான வலி, இடையில் கொஞ்சம் ரத்தப்போக்கு வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். மாத்திரை போட்டு 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், இன்னொரு மாத்திரை போட வேண்டும்.

அடுத்த பீரியட்ஸ் சில நாட்கள் முன்னாலோ பின்னாலோ வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போனால், வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். இடையில் வரும் ரத்தப்போக்கை பீரியட்ஸ் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். அடிவயிற்றில் கடுமையான வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முக்கியமான ஒன்று: இந்த மாத்திரை நடந்துவிட்ட உறவுக்குத்தான். அதற்குப் பிறகு நடக்கும் உறவுக்குப் பாதுகாப்பு தராது. முட்டை வெளியேறுவது தள்ளித்தான் போகிறது என்பதால், அடுத்த சில நாட்களில் கர்ப்பமாகும் வாய்ப்பு கூடவே இருக்கும். எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களையும் இது தடுக்காது. ஆணுறை அவசியம்.

அடிக்கடி போட்டால் குழந்தையே பிறக்காதா?

அது தவறான நம்பிக்கை. இந்த மாத்திரை மலட்டுத்தன்மையை உண்டாக்காது. ஆனால் அடிக்கடி போட்டால் பீரியட்ஸ் தாறுமாறாகும். மற்ற கருத்தடை முறைகளைவிட இதன் பலனும் குறைவு. மாதத்துக்கு இரண்டு முறை தேவைப்படுகிறது என்றால், வேறு முறைக்கு மாற வேண்டிய நேரம் அது. தினசரி மாத்திரை, முதல் 3 மாதங்கள் வாரத்துக்கு இரண்டு முறையும் பிறகு வாரத்துக்கு ஒருமுறையும் எடுக்கும் ‘சாயா’, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, காப்பர்-டி என அரசுத் திட்டத்திலேயே இலவசமாக வழிகள் உள்ளன.

பாலியல் வன்முறை நடந்திருந்தால்?

மெடிக்கலுக்கு அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். முதலில் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. அவசர கருத்தடையும், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அந்தச் சிகிச்சையில் அடங்கும். பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில், போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்க வேண்டிய கடமை டாக்டர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம். சிறுமி கருக்கலைப்புக்கு வரும் வழக்குகளில், அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீஸ் தகவலில் பெயர், அடையாளத்தை டாக்டர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மாத்திரை பலன் தராமல் போனால்?

சுயமாகக் கடையில் எதையும் வாங்கிச் சாப்பிடாமல், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் பாதுகாப்பான, சட்டப்படியான கருக்கலைப்புக்கு உரிமை உண்டு என்பதை அதே 2022 தீர்ப்பு உறுதி செய்தது.

ஒரு கடையில் ‘இல்லை’ என்று சொன்னால், அது அந்தக் கடையின் பதில் மட்டுமே, சட்டத்தின் பதில் அல்ல. வீட்டுக்குத் திரும்பாமல் அடுத்த கடைக்கோ, அரசு ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போங்கள்.