கால்வாய் தந்த ஏரி, ரயில் தந்த ஊர்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், வடமேற்கு மலைப்பகுதியில் நெட்காங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பரப்பு ஒரு சதுர மைலைக்கூட எட்டாது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 3,375 பேர். ஒரு பக்கம் மஸ்கனெட்காங் ஏரி. மறுபக்கம் ரயில் நிலையம். இயற்கையான ஏரியின் கரையில் ஊர் வந்து அமர்ந்தது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அந்த ஏரியை உண்டாக்கியவர்களும் மனிதர்களே.

எல்லாம் நிலக்கரியில் தொடங்கியது. நெட்காங் இருக்கும் மாரிஸ் கவுண்டியின் மலைகளில் இரும்புத்தாது ஏராளம். அதை உருக்க மரக்கரி வேண்டும். அதற்காகக் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். பென்சில்வேனியாவில் ஆந்த்ரசைட் நிலக்கரி கிடைத்தது, கொண்டுவரத்தான் வழியில்லை. மாரிஸ்டவுனைச் சேர்ந்த ஜார்ஜ் மக்கல்லக் என்பவர், ஹோபாட்காங் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த நீரை வைத்தே கால்வாய் ஓட்டலாம் என்று யோசித்ததாகச் சொல்வார்கள். 1824-இல் அனுமதி கிடைத்தது. 1831-இல் பிலிப்ஸ்பர்க்கிலிருந்து நூவர்க் வரை படகு ஓடியது. பிறகு ஜெர்சி சிட்டி வரை நீண்டு, மாரிஸ் கால்வாய் 102 மைல் ஆனது.

நூவர்க் பக்கத்திலிருந்து உச்சிக்கு 914 அடி ஏற வேண்டும். இத்தனை உயரத்துக்கு மதகுப் பூட்டுகள் மட்டும் போதாது. அதனால் 23 சரிவுப் பாதைகள் அமைத்தார்கள். தண்டவாளத்தில் ஓடும் பெரிய வண்டித் தொட்டிலில் படகை ஏற்றி, நீரின் விசையால் இயந்திரத்தைச் சுழற்றி, வடம் கட்டி மலைமேல் இழுத்தார்கள். மேட்டின் முகட்டைக் கடக்கும்போது படகு முறியாமலிருக்க, அதை இரண்டு துண்டாகக் கட்டி இணைத்தார்கள். அந்தக் காலப் பொறியாளர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

உச்சியில் இருந்த ஹோபாட்காங் ஏரிதான் இரு பக்கமும் நீர் கொடுத்தது. போக்குவரத்து பெருகியதும் அது போதவில்லை. 1840-களில் மஸ்கனெட்காங் ஆற்றில் அணை கட்டி, தாழ்வான நிலத்தை மூழ்கடித்து இன்னொரு நீர்த்தேக்கம் செய்தார்கள். அதுவே இன்றைய மஸ்கனெட்காங் ஏரி. நிலத்தின்மேல் நீர் பரப்பிய ஏரி என்பதால் ஆழம் குறைவு.

அடுத்து ரயில் வந்தது. மாரிஸ் அண்ட் எசெக்ஸ் பாதை 1854-இல் ஹாக்கெட்ஸ்டவுனைத் தொட்டது. கோவேறு கழுதைகள் இழுக்கும் படகுக்குப் பல நாள் ஆகும். பனிக்காலத்தில் கால்வாய் உறைந்துபோகும். ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரும்பு உலை இருந்த ஸ்டான்ஹோப் ஊர் ஆற்றின் வடகரையில். ரயில் பாதையோ தென்கரையில். நிலையத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் முளைத்து, அந்த இடம் தெற்கு ஸ்டான்ஹோப் ஆனது. பாதை பின்னர் லக்கவானா ரயில் கம்பெனியின் குத்தகைக்குப் போனது. பக்கத்துப் போர்ட் மாரிஸில் ரயில் யார்டு வளர்ந்தது.

ஊர் வளர்ந்தும் அதற்கென்று ஆட்சி இல்லை. நிலம் மவுண்ட் ஆலிவ், ராக்ஸ்பரி என்ற இரண்டு டவுன்ஷிப்புகளில் பிரிந்து கிடந்தது. 1894-இல் நியூ ஜெர்சி ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. டவுன்ஷிப் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம் என்றது சட்டம். பரோ என்ற தனி உள்ளாட்சியாகப் பிரிந்தால் இதிலிருந்து தப்பலாம். மாநிலமெங்கும் பரோக்கள் மளமளவென்று பிறந்தன. அந்த அலையில்தான், 1894 அக்டோபர் 23 அன்று தெற்கு ஸ்டான்ஹோப், நெட்காங் பரோவாகப் பிறந்தது. ஆற்றின் பெயரான மஸ்கனெட்காங்கின் வால்பகுதியே ஊருக்குப் பெயரானது.

சசெக்ஸ் கவுண்டிக் கிளைப்பாதையும் பின்னர் இங்கே வந்து சேர்ந்ததால், நெட்காங் ஒரு சந்திப்பு ஆயிற்று. ஆனால் 1911-இல் லக்கவானா கம்பெனி மலைகளைக் குடைந்தும், பள்ளங்களை மேடாக்கியும், கான்கிரீட் பாலங்கள் கட்டியும் 28 மைல் நீளக் குறுக்குப்பாதை திறந்தது. அது போர்ட் மாரிஸிலேயே பிரிந்துவிட்டதால், மேற்கே போகும் எக்ஸ்பிரஸ்கள் நெட்காங்கைத் தொடவில்லை. 1920-களில் கால்வாயை மூடிப் பெரும்பகுதியை வற்றவைத்தார்கள். 1966-இல் சசெக்ஸ் கிளையில் பயணிகள் ரயில் நின்றது. 1980-களில் குறுக்குப்பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தார்கள். அதில் போர்ட் மாரிஸிலிருந்து ஆன்டோவர் வரையான பகுதியை இப்போது மீண்டும் போடுகிறார்கள்.

கால்வாய் போயும் அதற்காகக் கட்டிய ஏரி மட்டும் தங்கியது. ஆழமில்லாததால் கோடையில் நீர்க்களை மண்டிவிடும். ஏரிக்கரையோ நெட்காங், ஸ்டான்ஹோப், ராக்ஸ்பரி, பைரம் என நான்கு உள்ளாட்சிகளில், இரண்டு கவுண்டிகளில் பரவியிருக்கிறது. ஊர் தனக்கென எல்லை போட்டுக்கொண்டது சரிதான். ஆனால் களைக்கு எல்லை தெரியாது. அதனால் நால்வரும் ஒரு பொது வாரியத்தில் உட்கார்ந்து, அறுவடை இயந்திரம் விட்டுக் களையை அகற்றுகிறார்கள்.

நெட்காங் நிலையத்தில் ரயில் இன்றும் நிற்கிறது. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஹோபோக்கன் பக்கம் போகிறது.