புகை வடித்த கல்

யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் பீடியை விட்டொழிக்குமாறு பெரியவர்களிடம் நாம் பேசப் போனால், அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பில்டர் வெச்ச சிகரட்டு பிடிச்சா கெடுதி இல்லதானே, வாத்தியாரே?" இந்த நம்பிக்கை அவர்களாக உண்டாக்கிக்கொண்டதன்று. விலைக்கு விற்கப்பட்ட நம்பிக்கை அது.

கல்லைக் கொண்டு புகையை வடிக்கும் எண்ணம் பழையது. துருக்கியில் தோண்டப்படும் கடல்நுரைக்கல் நுண்துளைகள் மலிந்தது. அதில் குடைந்த சுங்கான், புகையின் ஈரத்தையும் தாரையும் உறிஞ்சி, நாளடைவில் வெண்மை மாறிப் பழுப்பேறும். ஐரோப்பியச் சீமான்கள் அந்நிறத்தை அழகென்று கொண்டாடினார்கள்!

புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் பிரித்தானியாவில் டோலும் ஹில்லும் எடுத்துக்காட்டினர். அமெரிக்காவிலும் அவ்வாண்டே அத்தகைய ஆய்வு வெளிவந்தது. மக்கள் அஞ்சினர். முதலாளிகளோ அந்த அச்சத்தையே சரக்காக்கினர். 1952இல் அமெரிக்காவின் லோரிலார்ட் கம்பனி, 'மைக்ரோனைற்' என்னும் வடிகட்டி பொருத்திய 'கென்ற்' சிகரட்டைச் சந்தைக்கு விடுத்தது. அணுசக்தி நிலையங்களில் காற்றை வடிக்கும் பொருள் இதுவென விளம்பரங்கள் முழங்கின. உள்ளே இருந்ததோ நீலக் கல்நார். அஸ்பெஸ்டஸ் வகைகளுள் மிகக் கொடியது. ஒரு சிகரட்டுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம். 1956இல் அது கைவிடப்படுவதற்குள் சுமார் 1,300 கோடி சிகரட்டுகள் விற்றுத் தீர்ந்தன. பழைய பெட்டிகளில் எஞ்சியவற்றைச் சோதித்த ஆய்வாளர், புகையோடு கல்நார் இழைகளும் வெளிவருவதை 1995இல் நிறுவினர்.

புகைத்தவரைப் பற்றிப் பேசுவோர், அவ்வடிகட்டியைச் செய்த கைகளை மறந்துவிடுகின்றனர். மசாசுசெற்ஸ் மாநிலத் தொழிற்சாலையில் 1953இல் அவ்வேலையிலிருந்த 33 தொழிலாளரைப் பற்றிய ஆய்வு 1989இல் வெளியாயிற்று. அவர்களுள் 28 பேர் மாண்டிருந்தனர். இயல்பான கணக்கின்படி மாண்டிருக்க வேண்டியோர் எட்டுப் பேரளவே.

இன்றைய வடிகட்டிகளில் கல்நார் இல்லை. நுண்துளைக் கரி சில நச்சு வாயுக்களைப் பிடித்து வைக்கிறது. காபனோரொட்சைட்டோ அதனூடே தடையின்றிச் செல்கிறது. தோட்டத்துப் பெரியவருக்கு நாம் தரும் விடை இவ்வளவே.

கல்நார் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. வெள்ளைக் கல்நார்க் கூரைத்தகடுகளுக்கு 2018 முதல் தடைவிதிக்க இலங்கை எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில், வண்டு காணப்பட்டதென்று கூறி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. அந்நாடே நமக்குக் கல்நாரை விற்பது. சில நாட்களில் இலங்கை தன் தடையைக் கைவிட்டது. தேயிலையும் மீண்டும் கப்பலேறிற்று.