கொடி மாறிய கப்பல்

1911 மார்ச் 28 அன்று ஹாம்பர்க் நகரின் ப்ளோம் உண்ட் ஃபோஸ் கட்டுதளத்திலிருந்து கடலில் இறங்கிய அந்தப் போர்க்கப்பலுக்கு கோபென் என்று பெயரிட்டார்கள். 1870-71 போரில் பிரான்சை எதிர்த்துப் போரிட்ட பிரஷ்யத் தளபதி ஒருவரின் பெயர் அது. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, துருக்கியில் அதை உடைத்துப் பிரித்தபோது அதன் பெயர் யாவுஸ். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே முதல் உலகப் போரின் அணிகள் கூடியதும் பிரிந்ததும் கிடக்கின்றன. நாடுகள் அணி சேர்ந்த கதையை ஒப்பந்தத் தாள்களை வைத்து மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதி நிலக்கரியிலும் தங்கத்திலும் கடல்வழிகளிலும் இருக்கிறது. இந்தக் கப்பலில் நிறையவே இருக்கிறது.

பத்து 28 சென்டிமீட்டர் பீரங்கிகள், 186 மீட்டர் நீளம், அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடலில் இருந்த எந்தப் பெரிய போர்க்கப்பலுக்கும் ஈடுகொடுக்கும் வேகம். 1912இல் பால்கன் போர் மூண்டபோது ஜெர்மனி இதை பிரெஸ்லாவ் என்ற சிறிய கப்பலோடு உஸ்மானியத் தலைநகரான இஸ்தான்புல்லுக்கு அனுப்பியது. பல்கேரியப் படை அந்த நகரின் வாசல் வரை வந்திருந்த சமயம் அது. மறு ஆண்டு வில்ஹெல்ம் சூஷோன் தளபதியாகப் பொறுப்பேற்றார். கப்பலின் கொதிகலன் குழாய்கள் ஓயாமல் பழுதாகிக்கொண்டிருந்தன. 1914 ஜூலையில் ஆஸ்திரியாவின் போலா துறைமுகத்தில் அவற்றை மாற்றிக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் போர் மூண்டது.

தாளில் பார்த்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882 முதல் ஓரணி. போர் வந்ததும் இத்தாலி, “ஆஸ்திரியா தாக்கப்படவில்லை, அதுவே தாக்கியது, எங்களுக்குக் கடமை இல்லை” என்று நடுநிலை அறிவித்தது. முப்பத்திரண்டு ஆண்டு உறவு ஒரு வாரத்தில் கலைந்தது. மறுபுறம், எந்த அணியிலும் இல்லாத உஸ்மானியப் பேரரசு பாதுகாப்புக்காகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஜூலையில் கடற்படை அமைச்சர் ஜமால் பாஷா பிரான்சிடம் கேட்டுப் பார்த்தார், கைவிரித்துவிட்டார்கள். ஜெர்மனி சம்மதித்தது. ஆகஸ்ட் 2ஆம் தேதி ரகசிய உடன்படிக்கை கையெழுத்தானது. உஸ்மானிய அமைச்சர்களிலேயே பலருக்கு அது தெரியாது. கையெழுத்துப் போட்ட சில நாட்களிலேயே போர் அமைச்சர் அன்வர் பாஷா ரஷ்யாவிடமும் கூட்டணி பேசினார். அந்த ஆகஸ்டில் எந்தக் கதவும் முழுதாகத் திறந்திருக்கவும் இல்லை, முழுதாக மூடியிருக்கவும் இல்லை.

அப்போதுதான் பிரிட்டன் பெரும் தவறு ஒன்றைச் செய்தது. உஸ்மானியர்களுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட இரண்டு பெரிய போர்க்கப்பல்களை, கடற்படை அமைச்சர் சர்ச்சிலின் உத்தரவின்படி தன் கடற்படைக்கே எடுத்துக்கொண்டது. அவற்றுக்காகச் சாதாரண மக்கள் நன்கொடை கொடுத்திருந்தார்கள். கப்பலை ஓட்டிச் செல்ல மாலுமிகளும் இங்கிலாந்து வந்து காத்திருந்தார்கள். போர்க் கணக்கில் பார்த்தால் பிரிட்டனுக்கு அந்தக் கப்பல்கள் தேவைதான். ஆனால் சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்தவர்களின் மனதில் விழுந்த காயத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆகஸ்ட் 4 விடிகாலையில் கோபென், பிரெஞ்சு அல்ஜீரியாவின் ஃபிலிப்வில் துறைமுகத்தின் மீது குண்டுவீசியது. அங்கிருந்து பிரான்சுக்குப் புறப்படவிருந்த படைகளைத் தடுப்பது நோக்கம். சற்று முன்னர்தான் பெர்லினிலிருந்து செய்தி வந்திருந்தது: உஸ்மானியர்களோடு கூட்டணி ஏற்பட்டுவிட்டது, இஸ்தான்புல்லுக்குச் செல்லவும். திரும்பும் வழியில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எதிர்ப்பட்டன. பிரிட்டன் இன்னும் போர் அறிவிக்கவில்லை. நள்ளிரவுவரை கெடு இருந்தது. பீரங்கிகளை வைத்துக்கொண்டே சுடாமல் துரத்தினார்கள். கோபெனின் அடித்தளத்தில் அனல் கக்கும் உலைகளுக்கு முன்னால் ஆட்கள் நிலக்கரியை வாரிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வெடித்த குழாய்களின் நீராவியில் வெந்து நால்வர் இறந்தார்கள். கப்பல் தப்பித்தது. இத்தாலியின் மெசினாவில் ஜெர்மானிய வணிகக் கப்பல்களிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டது. நேற்றுவரை கூட்டாளியாக இருந்த இத்தாலி, 24 மணி நேரத்தில் கிளம்பச் சொன்னது. வழியில் நான்கு கவசக் கப்பல்களுடன் காத்திருந்த பிரிட்டிஷ் தளபதி ட்ரூபிரிட்ஜ், கோபெனின் பீரங்கிகளுக்குத் தன் கப்பல்கள் ஈடாகாது என்று கருதி விலகிக்கொண்டார்.

ஆகஸ்ட் 10 மாலை கோபென், இஸ்தான்புல்லுக்குச் செல்லும் வழியான டார்டனெல்ஸ் நீரிணையின் வாயிலில் வந்து நின்றது. உள்ளே விட்டால் நடுநிலை போய்விடும். விடாவிட்டால் புதுக் கூட்டாளி கைவிடப்படுவான். அன்வர் பாஷா, அமைச்சரவையைக் கேட்காமல், உள்ளே விடச் சொன்னார். பின்தொடர்ந்து பிரிட்டிஷ் கப்பல்கள் வந்தால் சுடவும் உத்தரவிட்டார். நடுநிலை நாடு போரிடும் நாட்டின் கப்பலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கப்பலையே வாங்கிவிட்டதாக அறிவித்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று அது யாவுஸ் சுல்தான் சலீம் ஆயிற்று. ஜெர்மானிய மாலுமிகள் ஃபெஸ் தொப்பி அணிந்து அதே கப்பலில் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். பிரிட்டன் பறித்துக்கொண்ட கப்பல்களுக்குப் பதிலாக ஜெர்மனி கொடுத்த கப்பல் என்று இஸ்தான்புல் மக்கள் மகிழ்ந்தார்கள். எந்தத் தூதராலும் சாதிக்க முடியாததை அந்தக் காட்சி சாதித்தது.

அப்படியும் அமைச்சரவை போருக்குத் தயங்கியது. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் எரித்த அதே செப்டம்பரில் சூஷோன் உஸ்மானியக் கடற்படையின் தலைவரானார். அந்த மாதக் கடைசியில் டார்டனெல்ஸ் மூடப்பட்டது. அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து தங்கம் வந்து சேர்ந்தது. அக்டோபர் 29 அன்று சூஷோன் கருங்கடலைக் கடந்து ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கினார். யாவுஸ் செவஸ்டபோல் மீது குண்டுவீசியது. அன்வருக்கு அது முன்கூட்டியே தெரியும். பெரும்பாலான அமைச்சர்களுக்குத் தெரியாது. நிதியமைச்சர் ஜாவித் பே பதவி விலகினார். நவம்பர் 2இல் ரஷ்யாவும், 5இல் பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன. ஒரு பேரரசின் கோடிக்கணக்கான மக்களைக் கேட்காமல், ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் ஆட்கள் அவர்களைப் போருக்குள் தள்ளினார்கள். இந்தக் கதையில் என்னால் மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

விளைவுகள் வேகமாகப் பரவின. ரஷ்யாவின் தானியம் வெளியே போகும் வழியும், ஆயுதம் உள்ளே வரும் வழியும் அடைபட்டன. அந்த வழியைத் திறக்கப் போய்த்தான் 1915இல் கலிப்பொலியில் இரு தரப்பிலும் இளைஞர்கள் குவியல் குவியலாக மடிந்தார்கள். இந்தியப் படை 1914 நவம்பரிலேயே பாஸ்ராவில் நுழைந்தது. யாரென்றே தெரியாதவர்களோடு மெசபட்டோமியாவில் போரிட்டது. இத்தாலி 1915 ஏப்ரலில் லண்டனில் ரகசிய ஒப்பந்தம் செய்து, ஆஸ்திரிய நிலங்களுக்கு ஆசைப்பட்டு எதிரணிக்குப் போனது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இஸ்தான்புல்லை மிரட்டிய பல்கேரியா, அதே ஆண்டு அக்டோபரில் உஸ்மானியர்களின் கூட்டாளியாகப் போரில் இறங்கியது. செர்பியாவை வென்ற பிறகு, பெர்லினிலிருந்து இஸ்தான்புல்வரை ரயில் ஓடியது.

1918 ஜனவரியில் நீரிணைக்கு வெளியே வந்த யாவுஸ் மூன்று கண்ணிவெடிகளில் சிக்கியது; உடன் வந்த பிரெஸ்லாவ் மூழ்கியது. இவ்வளவு பெரிய கப்பலை ஏற்றிப் பழுதுபார்க்கும் உலர்துறை துருக்கியில் இல்லை. ரஷ்யா போரிலிருந்து விலகி, செவஸ்டபோலை ஜெர்மானியர் பிடித்த பிறகு, ஜூனில் அங்குள்ள உலர்துறையில் யாவுஸ் ஏறியது. நான்காண்டுக்கு முன் குண்டுவீசிய ஊரே அதற்குப் பட்டறையாயிற்று.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் இதே கதைதான். 1920இன் செவ்ரே உடன்படிக்கைப்படி அது பிரிட்டனுக்குப் போயிருக்க வேண்டும்; 1923இன் லோசான் உடன்படிக்கையால் துருக்கியிடமே நிலைத்தது. 1927 முதல் அதைச் சீரமைத்தது ஒரு பிரெஞ்சு நிறுவனம். 1936இல் பிரிட்டனின் கடற்படைத் தளமான மால்டாவுக்கு விருந்தாளியாகப் போனது. 1938இல் துருக்கியக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் உடலைச் சுமந்து சென்றது. கடைசியில் 1973இல் இழுத்துச் செல்லப்பட்டு, 1976க்குள் உடைத்துத் தீர்க்கப்பட்டது.

யாவுஸ் மிதந்துகொண்டிருந்த காலத்திலேயே இரண்டாம் உலகப் போர் வந்தது. அப்போது துருக்கியின் குடியரசுத் தலைவர் இஸ்மத் இனோனு, முதல் போரில் களம் கண்ட அதிகாரி. இரு அணிகளும் மாறி மாறி நெருக்கின. அவர் பேசினார், தள்ளிப்போட்டார், வாக்குறுதி கேட்டார். 1945 பிப்ரவரிவரை போரில் இறங்கவில்லை. கோழைத்தனம் என்று அதைச் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போர்க்காலக் கூட்டணி நட்பினால் நிற்பதல்ல; தேவை இருக்கும்வரை நிற்கும், தேவை தீர்ந்ததும் நகர்ந்துவிடும். கூட்டாளி போகலாம், ஆனால் அவனுக்காக இறங்கிய போரில் இறந்தவர்கள் திரும்புவதில்லை. ஆகவே அணி சேரும் முடிவை மூடிய அறையில் நாலு பேர் எடுக்க எந்த நாடும் விடக் கூடாது. அன்வர் 1914இல் கேட்காமல் விட்ட கேள்விகளை இனோனு கேட்டார். அதனால் ஒரு தலைமுறைத் துருக்கிய இளைஞர்கள் உயிரோடு வீட்டில் இருந்தார்கள்.