ஓய்வில்லாத கை: வேர்ல்ட் சீரீஸ் பந்துவீச்சுச் சாதனைகளை அளப்பது எப்படி?

1956 அக்டோபர் 8 அன்று நியூயார்க் யாங்கீஸின் டான் லார்சன், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் 27 பேட்டர்களையும் ஒருவர்கூட முதல் பேஸை அடையாதபடி வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தார். அதற்கு அவர் வீசியவை 97 பந்துகள். 2022 நவம்பர் 2 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் கிறிஸ்டியன் ஹாவியரும் 97 பந்துகள்தான் வீசினார். ஆறு இன்னிங்ஸில் ஒரு ஹிட்டும் கொடுக்காத அவரைப் பயிற்சியாளர் மாற்றினார். எஞ்சிய மூன்று இன்னிங்ஸை வேறு மூவர் பகிர்ந்துகொண்டு அந்த வெறுமையைக் காத்தனர். பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ் வரலாற்றில் ஹிட் இல்லாமல் முடிந்த ஆட்டங்கள் இவை இரண்டே. லார்சனின் ஆட்டத்தைப் பந்துவீச்சின் உச்சம் என்று வைத்துப் பிற யாவற்றையும் அதற்குக் கீழே அடுக்குவது பேஸ்பால் எழுத்தில் நெடுநாள் மரபு. இந்த மரபு தவறான அளவுகோலைக் கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். இறுதித் தொடர் என்பது ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை நீளும் போராட்டம். அங்கே பந்துவீச்சாளரின் சாதனையை, ஒரு நாளில் எத்தனை பேரைத் தடுத்தார் என்பதைவிட, களைத்த கையோடு அதே பேட்டர்களை மீண்டும் எதிர்கொண்டு எவ்வளவு தாங்கினார் என்பதைக் கொண்டே மதிக்க வேண்டும்.

லார்சனின் ஆட்டத்தையே அருகில் சென்று பார்க்கலாம். இரண்டாம் இன்னிங்ஸில் ஜாக்கி ராபின்சன் ஓங்கி அடித்த பந்து மூன்றாம் பேஸில் நின்ற ஆண்டி கேரியின் மீது பட்டுத் தெறித்தது. அது ஷார்ட்ஸ்டாப் கில் மெக்டூகல்டின் கைக்குப் போனதால் ராபின்சன் மயிரிழையில் ஆட்டமிழந்தார். ஐந்தாம் இன்னிங்ஸில் கில் ஹாட்ஜஸ் தூக்கி அடித்ததை மிக்கி மேன்டில் நெடுந்தூரம் ஓடிப் பிடித்தார். கடைசி பேட்டர் டேல் மிட்செலுக்கு நடுவர் பேப் பினெல்லி கொடுத்த மூன்றாம் ஸ்டிரைக், எல்லைக்கு வெளியே போன பந்து என்று மிட்செல் பின்னாளிலும் சொல்லிவந்தார். இவற்றால் லார்சனின் பெருமை குறையாது. தடுப்பாளர்களின் துணை இல்லாத பந்துவீச்சு உலகில் இல்லை. ஆனால் ‘பூஜ்யம்’ என்ற எண்ணை ஒருவரின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது என்பதை இவை காட்டுகின்றன. இதைவிட முக்கியமான சான்று மூன்று நாள் முந்தையது. அதே தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், தம் அணி ஆறு ரன் முன்னிலையில் இருந்தும், லார்சன் இரண்டு இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் நான்கு பேருக்கு வாக் கொடுத்து வெளியேறினார். அன்று அதிகம் உழைக்காத கைதான் 8-ஆம் தேதி களமிறங்கியது.

சாதனை செயலுக்கு உரியது, ஆளின் முன்பின் வரலாற்றுக்கு அன்று என்று இங்கே மறுக்கலாம். நியாயமான மறுப்பு. லார்சன் தம் வாழ்நாளில் 81 ஆட்டங்கள் வென்று 91 ஆட்டங்கள் தோற்றவர் என்பதை அந்த நாளின் ஆட்டத்துக்கு எதிராக வைப்பதில் நானும் உடன்படவில்லை. செயலை மட்டுமே எடைபோடுவோம். செயலின் எடை அதன் கடினத்தில் இருக்கிறது. கடினத்தை அளக்க, செய்தவர் எந்த நிலையிலிருந்து அதைச் செய்தார் என்பது தெரிய வேண்டும்.

இதற்கு 1965-ஐவிடத் தெளிவான சோதனைக்களம் கிடைப்பது அரிது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் சாண்டி கூஃபாக்ஸ், மினசோட்டா ட்வின்ஸின் ஜிம் காட் ஆகிய இரு இடக்கைப் பந்துவீச்சாளர்களும் 2, 5, 7-ஆம் ஆட்டங்களில் நேருக்கு நேர் மோதினர். நாட்காட்டி இருவருக்கும் ஒன்றே: அக்டோபர் 7, 11, 14. கடைசி ஆட்டத்துக்கு முன் இருவருக்கும் இரண்டே நாள் ஓய்வு. அதிலும் ஐந்தாம் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸும் வீசி முடித்தவர் கூஃபாக்ஸ், மூன்றாம் இன்னிங்ஸிலேயே வெளியேறியவர் காட். ஏழாம் ஆட்டத்தில் காட் நான்காம் இன்னிங்ஸைத் தாண்டவில்லை. கூஃபாக்ஸுக்கோ முழங்கையில் மூட்டுவாதம். அன்று அவருடைய கர்வ் பந்து சொன்னபடி கேட்கவில்லை. வேகப்பந்தை மட்டுமே நம்பி ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தார். ஐந்தாம் இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நின்றபோது ஸொய்லோ வெர்சேயஸ் அடித்த பந்தை ஜிம் கில்லியம் மூன்றாம் பேஸில் மறித்துப் பிடித்தது அவரைக் காத்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் ஹார்மன் கில்லிபுரூ முதல் பேஸில் நிற்க, அடுத்த இருவரையும் ஸ்டிரைக் அவுட் செய்தார். முடிவு 2-0; மூன்று ஹிட், பத்து ஸ்டிரைக் அவுட். அத்தொடரில் அவர் வீசிய 24 இன்னிங்ஸில், தடுப்பாளர் பிழையால் வராமல் அவர் கணக்கில் ஏறிய ரன் ஒன்றே. மூன்று ஹிட் என்பது பூஜ்யத்துக்குக் கீழே என்று அடுக்கும் பட்டியல் இதில் எதையும் காண்பதில்லை.

அடுத்த மறுப்பு காலத்தைப் பற்றியது. 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் கிறிஸ்டி மாத்யூசன் ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸுக்கு எதிராக அக்டோபர் 9, 12, 14 தேதிகளில் மூன்று முழு ஆட்டங்களை வீசி ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. ஆனால் அது அடித்தாலும் பந்து எழாத ‘செத்த பந்து’க் காலம், அத்தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் தோற்ற அணி ரன்னே எடுக்கவில்லை. எனவே அந்தப் பூஜ்யங்கள் மலிவானவை என்பர். ரன்களைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். ஆனால் அந்த 27 இன்னிங்ஸில் மாத்யூசன் கொடுத்த வாக் ஒன்றே ஒன்று. வாக் என்பது பந்தின் கனத்தையோ தடுப்பாளரின் கையையோ சார்ந்ததன்று. களைப்பு முதலில் கெடுப்பது இலக்கைத்தான். ஆறு நாளில் மூன்று ஆட்டம் வீசியவரின் இலக்கு சிதறவில்லை என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும் சான்று.

வழக்கமான புள்ளிவிவரங்களும் இந்தச் சுமையைப் பதிவதில்லை. 1968-இன் முதல் ஆட்டத்தில் செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் 17 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தது இன்றும் தொடர் சாதனை. அதே தொடரில் மூன்று முழு ஆட்டங்களை வீசி வென்று, ஏழாம் ஆட்டத்தில் இரண்டு நாள் ஓய்வோடு வந்து கிப்சனையே தோற்கடித்த டெட்ராய்ட்டின் மிக்கி லோலிச்சை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 2014-இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் மேடிசன் பம்கார்னர், முழு ஆட்டம் வீசிய மூன்றாம் நாள் கான்சஸ் சிட்டியில் இடையில் இறங்கி ஐந்து இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். பதிவாளர்கள் முதலில் அவருக்கு ‘வெற்றி’ என்று எழுதி, பின் அதை ‘சேவ்’ என மாற்றினர். எந்தப் பெயரிட்டாலும் அவர் செய்தது ஏட்டில் தெரியவில்லை.

மிகக் கனமான மறுப்பு அறம் சார்ந்தது: இவ்வாறு புகழ்வது உடலைக் கசக்கிப் பிழிவதை ஊக்குவிக்காதா? கூஃபாக்ஸ் 1966-க்குப் பின், 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆயினும் 1965-இன் வழக்கமான பருவத்தில் மட்டும் அவர் 335 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; அவர் கையைத் தின்றதில் பெரும்பங்கு அக்டோபரின் ஒரு வாரத்துக்கு இருந்திருக்காது. பருவம் முழுதும் கையைக் காப்பது வேறு, தோற்றால் மறுநாள் ஆட்டமே இல்லாத கட்டத்தில் அதைத் தயங்கிச் செலவிடுவது வேறு. 2020-இன் ஆறாம் ஆட்டத்தில் டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல், 73 பந்துகளில் இரண்டே ஹிட் கொடுத்து ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருந்தபோது மாற்றப்பட்டார். பின்னால் வந்தவர்கள் முன்னிலையை இழந்தனர், தொடரும் கைவிட்டுப் போனது. பேட்டர்கள் ஒரே பந்துவீச்சாளரை மூன்றாம் முறை காணும்போது நன்றாக அடிக்கிறார்கள் என்ற கணக்கு பொதுவாக உண்மைதான். அதனாலேயே அதை மீறி நிற்பவரின் செயல் அதிக மதிப்புடையது.

இத்தகைய செயல்கள் பழங்காலத்தோடு முடிந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. 2025-இல் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ இரண்டாம் ஆட்டத்தை முழுதும் வீசினார். ஆறாம் ஆட்டத்தில் 96 பந்துகள் வீசி, மறுநாளே டொராண்டோவில் ஒன்பதாம் இன்னிங்ஸின் நடுவே, இருவர் பேஸில் நிற்க இறங்கி, மேலும் 34 பந்துகள் வீசித் தொடரை முடித்தார். மூன்று வெற்றிகளும் அவருடையவை. அந்த ஆண்டின் வழக்கமான பருவத்தில் அவர் வீசியது கூஃபாக்ஸின் 1965 கணக்கில் ஏறக்குறைய பாதி.

எனவே வேர்ல்ட் சீரீஸ் சாதனை ஏடுகளைத் தொகுப்போர், ஒவ்வொரு பந்துவீச்சின் அருகிலும் முந்தைய ஆட்டத்துக்குப் பின் கிடைத்த ஓய்வு நாள்களையும், அந்த ஆட்டத்தில் வீசிய இன்னிங்ஸையும் சேர்த்து அச்சிட வேண்டும். ஓய்வு நாளை மட்டும் எழுதினால் போதாது. லார்சனுக்கும் 1956-இல் இடையில் இரண்டே நாள்தான். இதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. 1903-இன் முதல் தொடரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தின் தேதியும் இன்னிங்ஸும் அச்சில் இருக்கின்றன.