1978 சூறாவளியும் மூத்தாப்பாவின் தோணியும்

கொஞ்சம் நீளமான பதிவு. கடலையும் வாவியையும் நம்பி வாழும் குடும்பங்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாரியில் ஒரு நாள். வங்கக் கடலில் தாழமுக்கம் என்று காலையிலேயே செய்தி. ஒன்பதாம் தரத்தில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், சூறாவளி வந்தா நாங்க ஸ்கூலுக்கு வந்து இருப்பம். வாப்பாட போட்ட எங்க கொண்டு வைக்கிற?"

"உயிர்தான் முக்கியம் மகன், போட்டு பிறகு வாங்கலாம்" என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டான். பிறகுதான் தெரிந்தது, அந்தப் போட்டு கடனில் வாங்கியது, இன்னும் தவணை முடியவில்லை என்று. ஆறு பேர் சாப்பிடுவது அதில்தான். "பிறகு வாங்கலாம்" என்று மாதச் சம்பளம் எடுக்கும் நான் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பதில் நம் ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. அன்று இரவு நமக்கு வெள்ளிராவு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஏறத்தாழ இரண்டு கிழமை. அன்றுதான் கிழக்குக் கரையைச் சூறாவளி அடித்தது. இப்போது போல அதற்குப் பெயர் கிடையாது. நம் பக்கத்துக் கடலில் உருவாகும் சூறாவளிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. ஆகவே நம் ஆட்களுக்கு அது வெறும் "சூறாவளி". இன்றைக்கும் வயது கேட்டால், "சூறாவளிக்கு முந்திப் பிறந்த ஆள்" என்று சொல்லும் மூத்தம்மாமார் இருக்கிறார்கள்.

அந்த ஒரு இரவில் நாட்டில் 900க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமாகின. மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு விழுந்தது. மட்டக்களப்பின் மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒரு பங்கு இல்லாமல் போனது.

கடைசி இரண்டு கணக்கையும் சேர்த்து வாசியுங்கள். தென்னைக்கும் படகுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லித் தந்தவர் என் மூத்தாப்பா, உம்மாவின் வாப்பா. அவர் மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது.

அந்தக் காலத்தில் நம் கரையில் மூன்று வகை இருந்தன. வாவியில் தோணி. கடலில் வள்ளமும் கரைவலைத் தோணியும். இவற்றோடு 1950களின் இறுதியில் அரசாங்கம் கொண்டுவந்த திட்டத்தால் பரவிய 28 அடி, மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள். மூத்தாப்பாவிடம் இருந்தது ஒரு வாவித் தோணி. அவருடைய காக்காவிடம் எஞ்சின் பூட்டிய கடல் வள்ளம். அதுவும் கடனில் வாங்கியதுதான்.

வானொலியில் அறிவித்தல் வந்ததாம். பெரும்பாலான ஆட்கள் பெரிதாக எடுக்கவில்லை. மாரியில் காற்றும் மழையும் வருவது வழமைதானே என்று இருந்துவிட்டார்கள். காக்கா ஆட்களைக் கூட்டி வள்ளத்தைக் கரையில் உயர இழுத்து, பக்கத்தில் நின்ற இரண்டு தென்னைகளில் நல்ல கயிற்றால் கட்டினார். அன்று கரையில் எல்லோரும் செய்தது அதுதான். தென்னையை விட உறுதியான கட்டுத்தறி என்ன இருக்கிறது?

மூத்தாப்பா வேறு வேலை செய்தார். வலை, சவள், பலகை எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோணியை வாவியின் ஒதுக்கில், கண்ணா மரங்களுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோனார். உள்ளே தண்ணீரை நிறைத்து, மண் மூட்டைகளை வைத்து அப்படியே தாழ்த்தினார். முன்னும் பின்னும் கண்ணா வேரில் கட்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்களாம், "காத்து வர முந்தியே தாட்டுப்போட்டான்" என்று. அவர் சொன்ன பதில்: "மரம் தண்ணியில கெடாது, வெயில்லதான் வெடிக்கும்."

இரவு காற்று முதலில் வடக்குப் பக்கமிருந்து வந்தது. ஓடு பறந்தது, கிடுகு பறந்தது. பிறகு திடீரென்று ஓய்ந்தது. மழையும் விட்டது. "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சுது" என்று ஆட்கள் வெளியே வந்தார்கள். காக்கா ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு வள்ளத்தைப் பார்க்கப் போனார். மூத்தாப்பாவும் புறப்பட்டவர்தான். மூத்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் காற்று திரும்ப வந்தது, இந்த முறை நேரெதிர்ப் பக்கமிருந்து. முதல் காற்றில் வேர் ஆடிப்போயிருந்த தென்னைகள் இரண்டாவது காற்றில் சரிந்தன. காக்காவின் மையித்தைச் சனிக்கிழமைதான் எடுத்தார்கள். கட்டியிருந்த தென்னைகளில் ஒன்று வள்ளத்துக்குக் குறுக்கே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவர். கயிறு அறவில்லை. மூத்தாப்பா கடைசிவரை அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "கயிறு அறல்ல மகன்."

நடுவில் காற்று ஓய்ந்ததற்குக் காரணம் என்ன? சூறாவளி ஒரு பெரிய சுழல். நம் பக்கத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். அதன் நடுவில் "கண்" என்று சொல்லும் அமைதியான இடம் உண்டு. கண் நம் தலைக்கு மேலால் போகும்போது காற்று விழும். ஆனால் அது பாதிதான். கண் தாண்டியதும் சுழலின் மறுபக்கம் வரும். அதனால் காற்று எதிர்த் திசையில் அடிக்கும். வாவியிலும் இதே கதைதான். முதல் காற்று தண்ணீரை ஒரு கரைக்குத் தள்ளிக் குவிக்கும். மறுகாற்று அதைத் திருப்பி எறியும். ஒரு பக்கக் காற்றை மட்டும் நினைத்துக் கட்டிய படகு அந்த இரண்டாவது பாதியில் அகப்பட்டுவிடும்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் கணக்காகவே சொல்லிக் கொடுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்கு. 60 கிலோமீற்றர் காற்றுக்குத் தாங்கிய கட்டு 120க்குத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

நான்காம் நாள் மூத்தாப்பா மண் மூட்டைகளைத் தூக்கி, தண்ணீரை இறைத்துத் தோணியை எடுத்தார். ஒரு பலகை கூடப் பெயரவில்லை. தண்ணீருக்குள் கிடந்ததைக் காற்றால் பிடிக்க முடியவில்லை, விழுந்த மரமும் தொடவில்லை. வீதியெல்லாம் மரம் விழுந்து அடைபட்டுக் கிடந்தபோது அந்தத் தோணிதான் வாவியால் அரிசி கொண்டுவந்தது, நோயாளிகளை ஏற்றியது. சிரித்தவர்களின் வீட்டுக்கும் அதில்தான் அரிசி போனது. அதே தோணியால்தான் மூத்தாப்பா தன் பிள்ளைகளோடு காக்காவின் பிள்ளைகளையும் வளர்த்தார்.

சரி, இன்றைக்கு இது எப்படிப் பொருந்தும்? 2004 சுனாமியில் நாட்டின் மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ முக்கால்வாசி அழிந்தன அல்லது சேதமாகின. அதற்குப் பிறகு நம் கரை நிறைய பைபர் போட்டுகள்தான். அதை மூத்தாப்பா போலத் தாழ்த்த முடியாது. எஞ்சினும் வயரும் உப்புத் தண்ணீரில் கெட்டுப்போகும். ஆனால் அவர் செய்ததன் கருத்து இதற்கும் சரி: காற்றுக்குப் பிடி கொடுக்காதே, பாரத்தைக் கூட்டு, எல்லாப் பக்கமும் கட்டு, நேரத்தோடு செய். பெரியவர்களிடமும் தொழில் செய்பவர்களிடமும் கேட்டுச் சேர்த்தவை இவை:

1. எச்சரிக்கை வந்த அன்றே எஞ்சின், வலை, எண்ணெய்க் கான் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் தப்பினாலே பாதித் தொழில் தப்பியது.

2. போட்டை கடல் ஏறாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். மணல் மேட்டின் கடல் பக்கத்தில் வைப்பது பாதுகாப்பு அல்ல.

3. தென்னைக்கோ மின்கம்பத்துக்கோ கிட்ட வைக்க வேண்டாம், கட்டவும் வேண்டாம். தடித்த கட்டை அல்லது மண் நிரப்பிய சாக்கை இடுப்பளவு ஆழத்தில் குறுக்காகப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு.

4. கீழே பழைய டயர் அல்லது மண் மூட்டைகளைச் சமமாக வைத்து, பிறகு உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு கன மீற்றர் தண்ணீர் 1,000 கிலோ. வெறும் போட்டைக் காற்று தூக்கும், தண்ணீர் உள்ள போட்டை அப்படித் தூக்காது. அடியில் சமமாக முட்டு இல்லாவிட்டால் மட்டும் பாரத்தில் வெடிக்கும், கவனம்.

5. கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரியூப் துண்டைச் சுற்றுங்கள். கயிறு அறுவது அந்த இடத்தில்தான்.

6. வாவித் தோணிகளுக்குக் கண்ணாக்காட்டு ஒதுக்கை விட நல்ல இடம் இல்லை. அந்தக் கண்ணாவை வெட்டி வளவு நிரப்புகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இதில் இரண்டாவதுதான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. ஒரு போட்டை உள்ளே இழுக்கப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும், வைக்க இடமும் வேண்டும். கடற்கரை ஓரம் முழுக்க மதில் கட்டிவிட்டோம். போட்டு போகும் ஒழுங்கைகள் சுருங்கிவிட்டன. ஒரு தனி ஆளால் தீர்க்கக் கூடியது அல்ல இது. ஆகவே மூன்று வேண்டுகோள். மாரிக்கு முன் பாடசாலை மைதானத்தின் ஒரு பக்கத்தைப் போட்டுகளுக்கு ஒதுக்க அதிபரிடம் நான் பேசுகிறேன். எந்த ஒழுங்கை யாருடைய போட்டுக்கு, இழுக்க யார் யார் வருவது என்ற பட்டியலைக் கடற்றொழிலாளர் சங்கத்தினர் இப்போதே போட வேண்டும். எச்சரிக்கை வந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மக்களைக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சுனாமி சொல்லிவிட்டு வரவில்லை. சூறாவளி பெரும்பாலும் ஓரிரு நாளாவது அவகாசம் தரும். அந்த அவகாசத்துக்குள் போட்டுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்யுங்கள். காற்று தொடங்கிய பிறகு கரைக்குப் போகாதீர்கள். நடுவில் ஓய்ந்தாலும் போகாதீர்கள். மறுபக்கக் காற்றும் வந்து முடிந்ததா என்று பாருங்கள். கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. கட்டிய பிறகு திரும்பிப் போய்ப் பார்க்காமல் இருப்பதும் தவக்குல்தான் என்பார் மூத்தாப்பா.

அந்த மாணவனுக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். உயிரா போட்டா என்று அவன் வாப்பா கடைசி நேரத்தில் கரையில் நின்று யோசிக்கும் நிலை வரக்கூடாது. அதற்கு முதல் நாளே ஊர் சேர்ந்து போட்டை இழுத்து வைத்திருக்க வேண்டும்.

1978ஐக் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அன்று எந்தப் பக்கக் காற்று முதலில் வந்தது, எந்த இடத்தில் வைத்த தோணி தப்பியது என்று கீழே எழுதுங்கள். அவர்கள் போனால் அந்த அறிவும் போய்விடும். சேர்த்து வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாகக் கொடுப்போம்.

அன்று மௌத்தானவர்களின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. கடலில் தொழில் செய்யும் நம் சகோதரர்கள் எல்லோரையும், எந்த மதத்தவராக இருந்தாலும், அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.